கோணிக்காரரை எங்கே வைப்பது? இரண்டு காலத்தில் ஓடும் திகில் கதைக்கு மூன்று அமைப்புகள்

போன மாதத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியோடு வந்தார்கள். வியாசர்பாடியில் டியூஷன் எடுக்கும் ஒரு தம்பி, பெரம்பூரில் மில் தொழிலாளி குடும்பத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர், தண்டையார்பேட்டையில் கூரியர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். மூவரும் திகில் கதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மூவர் கதையிலும் சிறுவயதில் மறைத்த ஒரு ரகசியம் இருக்கிறது, ஒரு பூதம் இருக்கிறது, அதைப் பிடிக்கக் கிளம்பிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பெண் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

“அக்கா, சின்ன வயசுல நடந்தது ஒரு கதை. இப்போ நடக்குறது ஒரு கதை. ரெண்டும் ஒண்ணுதான்னு எனக்குத் தெரியுது. எழுத உக்காந்தா தனித்தனியா நிக்குதுக்கா. எப்படிச் சேக்குறது?”

நான் பிழை திருத்தும் வேலை செய்பவள். அடுத்தவர் எழுதிய பக்கங்களோடுதான் என் நாள் போகிறது. இந்த வகைக் கதைகள் எங்கே நின்றுபோகின்றன என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கதை இல்லாமல் நின்றதை அதிகம் பார்த்ததில்லை. அமைப்பைத் தவறாகத் தேர்ந்தெடுத்து, நூறு பக்கம் போன பிறகு திரும்ப முடியாமல் நின்றவைதான் அதிகம். அதனால் எழுத உட்காரும் முன்பே இதை யோசித்துவிடுவது நல்லது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கதை

ஒரே கதையை மூன்று அமைப்பிலும் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அந்தக் கூரியர் பெண்ணின் கதையையே, அவள் சம்மதத்தோடு, கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொள்கிறேன்.

1994 மே மாதம், வடசென்னையில் மீனவர்கள் வாழும் காசிமேடு. பள்ளிக்கூடம் லீவு. பாபு, மேரி, குமாரி, சேகர் என்று நான்கு பிள்ளைகள். பிள்ளைபிடிக்கிறவன் வந்திருக்கிறான் என்று தெருவெல்லாம் பேச்சு. மூடிக்கிடக்கும் ஐஸ் கம்பெனிச் சுவரோரம் ஒரு கோணிக்காரர் படுக்கிறார். பழைய இரும்பு, பாட்டில் பொறுக்குகிறவர், யாரோடும் பேசாதவர். பிள்ளைகள் அவரை வேவு பார்க்கிறார்கள். ஒரு நாள் குமாரியின் கையில் காயம். பெரியவர்கள் கேட்கும்போது நால்வரும் ஒரே வாயாகச் சொல்கிறார்கள்: கோணிக்காரன்தான் பிடித்து இழுத்தான். அன்றிரவு தெருவே சேர்ந்து அவரை அடிக்கிறது. விடிந்தபோது ஆளைக் காணோம், கோணி மட்டும் கிடக்கிறது. பிள்ளைகள் அதைக் கொண்டுபோய்க் கடலோரக் கருங்கல் இடுக்கில் ஒளித்துவைக்கிறார்கள். காயம் செய்தவர் குமாரியின் வீட்டிலேயே இருந்த ஒருவர். அது குமாரிக்குத் தெரியும், மேரிக்கும் தெரியும்.

2022 மே. மேரி இப்போது நர்ஸ், தாம்பரம் பக்கம் குடித்தனம். குமாரியின் மகள் இரண்டு நாளாக வீட்டுக்கு வரவில்லை என்று போன் வருகிறது. மேரி மெட்ரோவில் தண்டையார்பேட்டையில் இறங்கி, இருபத்தெட்டு வருடம் கழித்து அந்தத் தெருவுக்குள் நடக்கிறாள்.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

முதல் கேள்வி, ரகசியம் யார் கையில் இருக்கிறது என்பது. வாசகருக்கும் தெரியாது, பாத்திரத்துக்கும் தெரியாது என்றால் அது ஒரு கதை. வாசகருக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது என்றால் முற்றிலும் வேறு கதை. இரண்டுக்கும் நடுவில்தான் ஆபத்து: பாத்திரத்துக்குத் தெரியும், வாசகருக்குத் தெரியாது. மேரியின் மனசுக்குள் உட்கார்ந்துகொண்டு அவள் நினைப்பதையெல்லாம் எழுதிவிட்டு, அவளை உறங்கவிடாத அந்த ஒன்றை மட்டும் முந்நூறு பக்கம் மறைத்தால், கடைசியில் வாசகருக்குக் கோபம்தான் வரும். அந்தக் கோபம் நியாயமானது.

இரண்டாவது, குழந்தையின் குரல். 1994 பகுதியில் சேகர் பேசுவது இப்படி இருக்கும்: “டேய், அவன் கோணில இன்னா கீதுன்னு தெரியுமா? சின்னப் பசங்க கை கீது.” அதே கோணியை 2022இல் மேரி நினைத்துப் பார்ப்பது இப்படி இருக்கும்: “கோணியின் வாயை வலைக் கயிற்றால் கட்டியிருந்தார். அந்த முடிச்சு படகில் வேலை பார்த்தவர்கள் போடுகிற முடிச்சு. அன்றைக்கு யாரும் அதைப் பார்க்கவில்லை.” ஒரு பொருள், இரண்டு கண். இந்த வித்தியாசத்தில்தான் இந்த வகைக் கதைக்கு உயிர் இருக்கிறது. குழந்தைக் குரலை உங்களால் எத்தனை பக்கம் இழுக்க முடியும் என்று முதலிலேயே எழுதிப் பார்த்துவிடுங்கள். பத்துப் பக்கத்திலேயே சேகர் நாற்பது வயதுக்காரனைப் போல் தத்துவம் பேச ஆரம்பித்தால், அது உங்களுக்கான எச்சரிக்கை.

மூன்றாவது, ஊர் மாறிய கணக்கு. வடசென்னையில் இது பெரிய வேலை. தமிழ்நாட்டில் மீன்பிடித் தடைக்காலம் வந்ததே 2001இல்தான். முதலில் 45 நாள், 2017 முதல் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். ஆக 1994 மே மாதத்தில் அப்பாக்கள் கடலில் இருக்கிறார்கள், தெருவில் பிள்ளைகளைக் கேட்க ஆளில்லை. 2022 மே மாதத்தில் விசைப்படகு அத்தனையும் கரையில் நெருக்கிக் கட்டிக்கிடக்கிறது, ஆண்களெல்லாம் வீட்டில் இருக்கிறார்கள். ஒரு பெண் ஒளிந்துகொள்ளவோ, ஒருத்தியை ஒளித்துவைக்கவோ நூற்றுக்கணக்கான காலிப் படகுகள். தடைக்காலம் என்ற ஒரே விவரம் இரண்டு காலத்துக்கும் வேறு வேறு கதையைக் கொடுத்துவிடுகிறது பாருங்கள். இந்தக் கணக்கைத் தவறவிட்டு, 1994இல் “தடைக்காலம் என்பதால் அப்பா வீட்டில் இருந்தார்” என்று எழுதிவிட்டால், காசிமேட்டு வாசகர் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

கடற்கரையும் அப்படித்தான். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கிலிருந்து வரும் மணல் தடைபட்டு மெரினா அகன்றது, ராயபுரத்திலிருந்து வடக்கே கரை அரித்துக்கொண்டே போனது. கருங்கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகள் போட்டார்கள். பிள்ளைகள் கோணியை ஒளித்த இடுக்கு 2022இல் அதே இடத்தில் இருக்குமா என்பதை எழுதுகிறவர்தான் முடிவு செய்யவேண்டும்.

இதோடு சேர்ந்தது இடைப்பட்ட வருடங்கள். இருபத்தெட்டு வருடம் இது ஏன் வெளியே வரவில்லை? நம் பக்கம் இதற்கு ஒரு கனமான பதில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26. சுனாமிக்குப் பிறகு கடலோரக் குடும்பங்கள் பலவற்றை நகரத்தின் தென்கோடிக்கு, கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பினார்கள். பக்கத்து வீட்டுச் சாட்சி ஒரே இரவில் அடுத்த ஊர்க்காரர் ஆகிவிட்டார். அதைக் கதையில் எங்கே வைப்பது என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும்.

கடைசி அளவுகோல்தான் எனக்கு முக்கியம். வேட்டையாடப்பட்டவருக்குக் கதையில் எவ்வளவு இடம் கிடைக்கிறது?

பிள்ளைபிடிக்கிறவன், பூச்சாண்டி, மூணுகண்ணன் என்று சொல்லிச் சொல்லித்தான் எங்களுக்குச் சோறு ஊட்டினார்கள். கேட்பதற்கு விளையாட்டாக இருக்கும். 2018 மே மாதத்தில் பிள்ளை கடத்துகிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி ஓடியது. எங்களுக்கு வடக்கே, பழவேற்காட்டில், ஆதரவில்லாத ஒரு மனிதரை அடித்தே கொன்றார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன ஒரு முதிய அம்மா, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக அடிபட்டுச் செத்தார். பூத வேட்டை என்றால் நம் ஊரில் அது இதுதான். இந்த வகைக் கதையை எழுதுகிறவர் யாராக இருந்தாலும், அந்தக் கோணிக்காரருக்கு முகம் கொடுக்காமல் போனால் 1994இல் தெரு செய்த அதே வேலையைத்தான் மறுபடி செய்கிறார். அதனால் ஒவ்வொரு அமைப்பிலும் அவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்கிறேன்.

அப்புறம், எங்கே வெளியிடப்போகிறீர்கள் என்பதும் உண்டு. செயலியில் வாரத் தொடரா, ஒரே மூச்சில் படிக்கும் புத்தகமா? இதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதல் வழி: மாறி மாறி வரும் அத்தியாயங்கள்

ஒரு அத்தியாயம் 1994, அடுத்தது 2022, மறுபடி 1994. இன்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் கை வைப்பது இதில்தான். சரியாக அமைந்துவிட்டால் இதற்கு இணையில்லை. 1994இல் சேகர் ஐஸ் கம்பெனிச் சுவரேறிக் குதிக்கும் இடத்தில் அத்தியாயம் முடிகிறது. அடுத்த அத்தியாயத்தில் 2022 மேரி அதே சுவரருகே நிற்கிறாள், சுவர் அவள் இடுப்பு உயரம்தான் இருக்கிறது. ஒரு வார்த்தை விளக்காமலேயே இருபத்தெட்டு வருடம் வாசகர் மனசில் விழுந்துவிடும்.

ஆனால் இதற்கு இரண்டு கேள்வி வேண்டும். 1994க்கு ஒன்று: கோணிக்காரருக்கு என்ன ஆனது? 2022க்கு ஒன்று: குமாரியின் மகள் எங்கே? இரண்டும் தனித்தனியாகவே வாசகரை இழுக்கவேண்டும். உங்களிடம் ஒரே கேள்விதான் இருக்கிறது என்றால் இந்த அமைப்பு வேண்டாம். ஒரு காலம் ஓடும், இன்னொன்று அதற்குக் காவல் நிற்கும். வாசகர் அந்தக் காவல் நிற்கும் அத்தியாயங்களைத் தள்ளிவிட்டுப் படிப்பார். நானே பிழை திருத்தும்போது “இது எப்போது முடியும்” என்று பக்கம் புரட்டிப் பார்த்த பிரதிகள் உண்டு.

மறைந்திருக்கும் செலவுகள் இதில்தான் அதிகம். நாற்பது அத்தியாயம் என்றால் நாற்பது முறை கதையை அறுக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் உச்சத்தில் அறுத்தால் வாசகர் எரிச்சலாகிவிடுவார். பதற்றத்தில் அறுப்பது ஒரு தடவை, ஒரு அமைதியான இடத்தில், ஒரு வாசனையில், ஒரு பொருளில் அறுப்பது இன்னொரு தடவை என்று மாற்றிக்கொள்ளத் தெரியவேண்டும். அதைவிடப் பெரிய வேலை, யாருக்கு எப்போது எது தெரியும் என்ற கணக்கு. வாசகர் ஏழாவது அத்தியாயத்தில் 1994இல் பார்த்துவிட்ட ஒன்றை, பன்னிரண்டாவது அத்தியாயத்தில் 2022 பாபு பெரிய புதிராகக் கேட்டுக்கொண்டிருந்தால் காற்று இறங்கிவிடும்.

இதற்கு அந்தக் கூரியர் பெண் ஒரு வழி கண்டுபிடித்தாள். நாள்காட்டியில் கிழித்த தாள்களைச் சேர்த்துவைத்து, ஒவ்வொரு தாளின் பின்புறமும் ஒரு காட்சி எழுதினாள். 1994க்குச் சிவப்பு மை, 2022க்கு நீல மை. மொட்டை மாடியில் துணிக்கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டு, துணி கிளிப் போட்டாள். தாளின் கீழ் ஓரத்தில் பென்சிலில் ஒரே ஒரு வரி: இந்த இடத்தில் வாசகருக்குப் புதிதாகத் தெரிந்தது என்ன? சில தாள்களில் அந்த வரி காலியாக இருந்தது. அந்தக் காட்சிகள் தேவையில்லை என்பது கொடியைப் பார்த்தாலே தெரிந்தது. நாலு சிவப்புத் தாள் அப்படிப் போனது.

கோணிக்காரர் இதில் எங்கே நிற்கிறார்? கொஞ்சம் கொஞ்சமாக முகம் பெறுகிறார். 1994 அத்தியாயங்களில் அவர் பூதம், 2022 அத்தியாயங்களில் மேரி விசாரிக்க விசாரிக்க மனிதர் ஆகிறார். இரண்டு கோடும் ஒரே இடத்தில் வந்து முட்டும்போது வாசகர் கையும் அழுக்காகியிருக்கும், ஏனென்றால் அவரும் பிள்ளைகளோடு சேர்ந்து அந்த மனிதரைப் பார்த்துப் பயந்தவர்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்த அமைப்புக்கு ஆதரவாகப் பேசுவேன்.

வாரத் தொடருக்கு இது பாதி நல்லது, பாதி கெட்டது. ஒவ்வொரு வாரமும் ஒரு கொக்கி கிடைக்கும், சரி. ஆனால் வாசகர் 1994 சேகரை மறுபடி பார்க்கப் பதினான்கு நாள் ஆகும், அதற்குள் பெயரே மறந்துவிடும். தொடராகப் போடுவதென்றால் ஒவ்வொரு வாரமும் இரண்டு காலத்திலிருந்தும் ஒரு துண்டு கொடுங்கள். ஒரு விஷயம் கட்டாயம்: அத்தியாயத் தலைப்பில் வருடம் போடுங்கள். அதைக் கலைக்குறைவு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போனில் படிக்கிறவரை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது வழி: முதல் பாதி அன்று, இரண்டாம் பாதி இன்று

1994 முழுதாக நடந்து முடிகிறது. பிறகு 2022 தொடங்குகிறது.

குழந்தைக் குரல் கைவந்தவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. யாரும் நடுவில் வந்து இழுக்காமல் அந்தக் கோடை லீவு முழுக்க வாசகர் அந்தத் தெருவில் இருக்கலாம். எஸ்.டி.டி. பூத், கேபிள் இழுத்த வீட்டு வாசலில் கூட்டம், வெயிலில் காயும் கருவாடு. கோணிக்காரருக்கும் நிறைய பக்கம் கிடைக்கும். பிள்ளைகள் அவரை வேவு பார்த்த நாட்களை மெதுவாகச் சொல்லலாம். அவர் தினமும் ஒரு நாய்க்குப் பன் பிய்த்துப் போட்டதைப் பாபு பார்த்துவிட்டு, மற்றவர்களிடம் சொல்லாமல் இருந்தான் என்று ஒரு வரி எழுதலாம். அந்த வரிக்கு மாறி மாறி வரும் அமைப்பில் மூச்சுவிட இடம் இருக்காது.

செலவு நடுவில் வருகிறது. கதை ஒருமுறை முடிந்து, மறுபடி ஆரம்பிக்கவேண்டும். வாசகருக்கு இப்போது எல்லாம் தெரியும். பிறகு எதற்குப் படிப்பார்? “எப்போது மாட்டிக்கொள்வார்கள்” என்ற பதைபதைப்பு மட்டும் இரண்டாம் பாதியைத் தாங்காது. முதல் பாதியில் கண்முன்னால் இருந்தும் நாம் கவனிக்காத ஒன்று இரண்டாம் பாதியில் திறக்கவேண்டும், அந்த வலைக் கயிற்று முடிச்சைப் போல.

இதற்கு ஒரே கதையில் நல்ல பாடம் இருக்கிறது. ஸ்டீவன் கிங்கின் ‘இட்’ நாவல் 1986இல் வந்தது. பிள்ளைகளாக 1958இலும் பெரியவர்களாக 1985இலும் ஒரே பூதத்தை எதிர்கொள்ளும் கதை, இரண்டு காலமும் கலந்தே ஓடும். 2017இல் சினிமாவாக எடுத்தபோது பிள்ளைகள் பகுதியை மட்டும் தனிப் படமாக, 1980களின் கடைசிக்கு நகர்த்தி எடுத்தார்கள். பெரியவர்கள் பகுதி 2019இல் தனியாக வந்தது. முதல் படம் தனியாகவே நின்றது. இரண்டாவது படத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? பிள்ளைகளின் புதிய காட்சிகளை மறுபடி உள்ளே கொண்டுவந்தார்கள். இரண்டாகப் பிரித்த பிறகும் பழைய காலத்தை முழுதாக விட்டுவர முடியவில்லை. இந்த அமைப்பைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்: முதல் பாதியில் எல்லாவற்றையும் செலவழித்துவிடாதீர்கள், இரண்டாம் பாதிக்குத் திரும்பிப் பார்க்க இரண்டு காட்சியாவது மிச்சம் வையுங்கள்.

பாதிக்குப் பாதி பக்கம் வரவேண்டும் என்று கட்டாயமில்லை. அன்றைய பகுதி மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே போதும் என்பது என் எண்ணம்.

தொடருக்கு இது வேண்டவே வேண்டாம். சேகரோடும் மேரியோடும் இருபது வாரம் இருந்த வாசகர், திடீரென்று எல்லோரும் நடுவயதுக்காரர்களாக வந்து நின்றால் அதோடு போய்விடுவார்.

காலமே இரண்டாக உடைந்த கதைகளுக்கு இது பொருந்தும். அந்தப் பெரம்பூர்ப் பெரியவரின் கதை அப்படிப்பட்டது. மில் ஓடிய காலத்தில் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்ட தெரு அது. 1996இல் பின்னி நெசவு மில் மூடிய பிறகு சங்கு இல்லை. அவர் கதையில் பிள்ளைகள் பூதம் என்று நம்பியது மில்லுக்குள் ராத்திரியில் கேட்ட ஒரு சத்தத்தை. சங்கு ஊதிய காலம் முழுக்க ஒரு பாதி, ஊதாத காலம் ஒரு பாதி. “ஐயா, இதை நீங்க மாத்தி மாத்தி எழுதினா அந்த நிசப்தம் கேக்காது” என்று சொன்னேன். அவர் பேசாமல் தலையை ஆட்டினார்.

மூன்றாவது வழி: இன்று மட்டும், அன்று கசிந்து வரும்

கதை 2022லேயே நடக்கிறது. 1994 நேராக வருவதேயில்லை. யாரோ சொல்கிறார்கள், ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கிடைக்கிறது, மேரிக்கு ஏதோ ஒரு வாசனையில் ஏதோ ஒன்று ஞாபகம் வருகிறது.

இதை வெளியூர்ச் சரக்கு என்று நினைக்கவேண்டாம். நம் சிலப்பதிகாரமே இதைத்தான் செய்கிறது. கோவலன் கொலையுண்டு, மதுரை எரிந்த பிறகு, கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகி முன் வந்து ஒரு பழைய கதையைச் சொல்கிறது. போன பிறவியில் கோவலன் பரதன் என்ற பெயரோடு சிங்கபுரத்து அரசனிடம் வேலை பார்த்தவன். நகை விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை எதிரி நாட்டு ஒற்றன் என்று காட்டிக்கொடுத்தான். சங்கமன் கொல்லப்பட்டான். அவன் மனைவி நீலி பதினான்கு நாள் அழுது அலைந்து, மலையிலிருந்து விழுந்து, விழுமுன் சாபமிட்டாள். ஒன்றும் செய்யாதவனைக் கைகாட்டிவிட்ட ரகசியம், ஒரு பிறவி தாண்டி வந்து பிடிக்கிறது. நாம் காசிமேட்டில் வைத்து எழுதுகிற கதையும் அதுதான்.

இதன் பலம் ஞாபகம் பொய் சொல்லும் என்பதில் இருக்கிறது. மேரி கோணி சாம்பல் நிறம் என்கிறாள், பாபு அதில் நீலக் கோடு இருந்தது என்கிறான். குமாரி “கோணியே இல்ல, துணி மூட்டை” என்கிறாள். சேகரைத் தேடி மேரி செம்மஞ்சேரிக்குப் போகவேண்டியிருக்கிறது. அவன் கதவைத் திறந்து, “எந்தக் கோணி?” என்று கேட்கிறான். 1994ஐ நீங்கள் நேராக எழுதிக்காட்டியிருந்தால் இந்தக் காட்சி செத்துப்போயிருக்கும், ஏனென்றால் வாசகருக்கு உண்மை தெரிந்திருக்கும். நால்வரும் ஒரே விஷயத்தை வேறு வேறாக நினைவு வைத்திருக்கிறார்கள் என்பதே உங்கள் கதை என்றால், இதைத் தவிர வேறு வழியை எடுக்காதீர்கள்.

சுனாமியும் இங்கே பின்னணியாக நிற்காது, கதையை நடத்தும். சாட்சிகள் சிதறிக்கிடப்பதால்தான் மேரி நகரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அலைகிறாள்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, “எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்” என்று யாராவது உட்கார்ந்து எட்டுப் பக்கம் பேசும் காட்சி. காப்பியத்தில் தெய்வம் வந்து சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். நம் கதையில் பக்கத்து வீட்டு ஆயா வந்து அதே மாதிரி சொன்னால் நம்பமாட்டார்கள். ஆயா ஒரு துண்டு சொல்லட்டும், அதிலும் பாதி தப்பாக இருக்கட்டும். இரண்டாவது செலவு எனக்குக் கவலை தருவது: கோணிக்காரர். மற்றவர்கள் பேச்சில் மட்டுமே அவர் வருவதால், கடைசிவரை முகமில்லாமல் போய்விடும் அபாயம் இங்கேதான் அதிகம். அவருக்கென்று தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளாவது 2022 வரை மிஞ்சியிருக்கவேண்டும்.

முதல் நாவல் எழுதுகிறவர்களுக்கும் குறுநாவல் அளவில் நிறுத்திக்கொள்ள நினைக்கிறவர்களுக்கும் இதுதான் என் பரிந்துரை. ஒரே காலம், ஒரே குரல், தேதிக் குழப்பம் குறைவு. தொடருக்கும் நன்றாக வரும்.

நாலாவதாக ஒன்று

இரண்டு காலம் என்பதையே மறைத்து, ஒரே காலம் போல ஓட்டி, கடைசியில் உடைப்பது. டியூஷன் எடுக்கும் தம்பி இதைத்தான் செய்ய நினைத்தார். வடசென்னையில் இது ரொம்பக் கஷ்டம். கையில் செல்போன் இருக்கிறதா, வானத்தில் மெட்ரோ பாலம் இருக்கிறதா, பிள்ளை ‘மெட்ராஸ்’ என்கிறதா ‘சென்னை’ என்கிறதா, எண்ணூர் அனல்மின் நிலையப் புகைபோக்கியில் புகை வருகிறதா (அது 2017 மார்ச்சோடு நின்றுவிட்டது) என்று ஒவ்வொன்றையும் மறைத்துக்கொண்டே போகவேண்டும். மறைத்து மறைத்து, கடைசியில் தெருவே இல்லாமல் போய்விடும். ஊரை விட்டுக்கொடுத்துத்தான் இந்தத் திருப்பத்தை வாங்கமுடியும் என்றால், எனக்கு ஊர் வேண்டும். தம்பியிடம் அப்படியே சொன்னேன். “அப்போ நாலு பேரும் வேற வேற மாதிரி ஞாபகம் வெச்சிருந்தா?” என்று கேட்டார். அவர் கதை மூன்றாவது வழிக்குப் போய்விட்டது. இப்போது அறுபது பக்கம் தாண்டியிருக்கிறார்.

கூரியர் பெண் எடுத்த முடிவு

அவளிடம் இரண்டு கேள்வியும் இருந்தன, குழந்தைக் குரலும் வந்தது. அதனால் முதல் வழி. ஆனால் மேரியின் மனசுக்குள் உட்காரும் சிக்கல் மிச்சம் இருந்தது. மேரிக்கு எல்லாம் தெரியுமே, எப்படி மறைப்பது? “2022 பகுதியை மேரிகிட்டேந்து எடுத்துடு. ஒண்ணுமே தெரியாத குமாரி மகன் கண்ணுலேந்து எழுதிப் பாரு” என்றேன். அக்காவைத் தேடும் தம்பி அவன், பதினேழு வயது. அவனுக்கு மேரி யாரென்றே தெரியாது. ஊருக்கு வந்திறங்கும் இந்த அத்தை எதையோ மறைக்கிறாள் என்பது மட்டும் தெரிகிறது. ஒரு வாரத்தில் நீலத் தாள்கள் அத்தனையும் புதிதாக எழுதிவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போயிருந்தேன். கொடியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி ஆடிக்கொண்டிருந்தன. நடுவில், இரண்டும் ஐஸ் கம்பெனியில் சந்திக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், ஒரே ஒரு தாள் பச்சை மையில் இருந்தது. வருடம் போடவில்லை.

“இது யாருது?”

“அவருதுக்கா. கோணிக்காரர்து. அவருக்கும் ஒரு தாள் வெச்சேன்.”

கிளிப்பைக் கழற்றிப் படித்தேன். அடி விழுவதற்கு முந்தைய சாயங்காலம். அவர் சுவரோரம் உட்கார்ந்து கோணியின் வாயைக் கட்டுகிறார். கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லில் கடித்து இழுத்து முடிச்சுப் போடுகிறார். எதிரே சுவருக்கு மேல் நான்கு தலைகள் தெரிகின்றன. பிள்ளைகள் தன்னோடு விளையாடுகிறார்கள் என்று நினைத்து, பார்க்காதவர் போல இருக்கிறார்.